எல்லைக் கல்லின் மேல் பத்தியச் சாப்பாடு

அந்த ஓடை நாலு மீற்றர் அகலம்கூட இராது. ஜெனீவா நகரம் முடிகிற இடத்தில், வீடுகளுக்குப் பின்புறமாக, மரங்களுக்குள் ஒளித்துக்கொண்டு ஓடுகிறது. இந்தக் கரை சுவிஸ், அந்தக் கரை பிரான்ஸ். பதினெட்டு வருடமாக அதன் மேலுள்ள சின்னப் பாலத்தால் போய் வந்திருக்கிறேன். அந்தப் பக்கம் கோழி மலிவு. என் தங்கையும் அந்தப் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனால், பின்னேரத் தேநீரையும் குடித்துவிட்டு ஆறுதலாக நடந்து வருவேன். ஒருநாளாவது பாஸ்போட்டைக் கையில் எடுத்த நினைவில்லை. அது ஒரு நாட்டு எல்லை என்பதையே மறந்துவிட்டிருந்தேன்.

மறந்த ஆள் யார் என்று பாருங்கள். இருபத்திரண்டு வயதில் ஐந்து நாட்டு எல்லைகளைக் களவாகக் கடந்து வந்தவன் நான். ஒன்றை லொறிக்குள் தக்காளிப் பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்து கடந்தேன். இன்னொன்றை மார்பளவு தண்ணீரில், செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு கடந்தேன். எல்லை என்ற சொல்லைக் கேட்டாலே ஒளிந்துகொள்ள இடம் தேடிய காலம் ஒன்று இருந்தது. பிறகு அகதி விண்ணப்பம், ஒன்றன்பின் ஒன்றாக விசா அட்டைகள், கடைசியில் சுவிஸ் நாட்டுச் சிவப்புப் பாஸ்போட். அந்தப் பாஸ்போட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நாலு மீற்றர் தண்ணீரைக் கடக்க முடியாமல் ஒரு வசந்தகாலம் முழுவதும் நின்றேன். கொரோனா வந்த முதல் வருடம் அது.

நான் சமையல்காரன். பழைய நகரப் பகுதியில் ஒரு உணவகத்தில் வேலை. ஏரி மீனை வெண்ணெயில் பொரிப்பதும், வெள்ளை வைனில் சோஸ் வற்றவைப்பதும்தான் என் பிழைப்பு. உணவகங்களை மூடச் சொல்லி அறிவித்த அன்று முதலாளி குளிர்சாதனப் பெட்டிகளைத் திறந்துவிட்டு, "எடுத்துக்கொண்டு போங்கள், எல்லாம் பழுதாகப் போகிறது" என்றார். நான் மூன்று கிலோ வெண்ணெயையும் ஒரு பெட்டி வெள்ளை அஸ்பராகஸையும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அவ்வளவு வெண்ணெயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மனைவி கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை ஏரிப் பக்கம் நடந்து போனேன். சும்மா வீட்டில் இருந்து எனக்குப் பழக்கமில்லை. ஏரிக்குக் குறுக்கே போகிற பெரிய பாலத்தின் மேல் ஒரு வாகனமும் இல்லை. கடிகாரக் கடைகளின் கண்ணாடிக்குள் ஒரு கடிகாரமும் இல்லை, எடுத்துப் பூட்டிவிட்டார்கள். இரண்டு வாத்துகள் பாதசாரிக் கடவையின் வெள்ளைக் கோடுகளில் ஒழுங்காக நடந்து வீதியைக் கடந்தன. சில நாள் கழித்து ஏரிக்குள் வானம் முட்டப் பாயும் நீரூற்றையும் நிறுத்திவிட்டார்கள். அது இல்லாத வானத்தை முதல் தடவையாகப் பார்த்தேன். அதற்குப் பின்னால் மலைகளின் பனி அப்படியொரு சுத்தமாகத் தெரிந்தது. பயமும் இருந்தது, உண்மைதான். ஆனால் பயத்தைவிடப் பெரிதாக வேறொன்றும் இருந்தது. இத்தனை வருடம் சமையலறைக்குள் முதுகு வளைந்து நின்றதில் இந்த ஊரின் முகத்தையே நான் பார்க்கவில்லை என்று தோன்றியது. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். முகக்கவசம் இன்னும் கிடைக்காத நாட்கள் அவை, அதனால் பிளந்த வாய் ஊருக்கே தெரிந்திருக்கும்.

மனைவிக்கு மூடுதல் ஒன்றும் இல்லை. அவள் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளர். விடியப் போவாள், பின்னேரம் வருவாள், வாசலிலேயே உடுப்பைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டு நேரே குளிக்கப் போவாள். மேசையின் அந்தத் தலைப்பில் அவள், இந்தத் தலைப்பில் நான். படுக்கையும் தனித்தனி அறையில். எங்கள் பிள்ளைகள் இருவரும் பாசலில் வேலை செய்கிறார்கள். இந்தப் பக்கம் எட்டியும் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இனித் தங்கையின் கதைக்கு வருகிறேன். அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கலியாணமாகி ஒன்பது வருடம். இரண்டு தடவை வயிற்றில் தங்கிக் கலைந்துபோனது. மூன்றாவது தங்கி, ஏழு மாதம் தாண்டி, எட்டும் தாண்டியபோதுகூட நாங்கள் யாரும் அதைப் பற்றி உரத்துக் கதைக்கவில்லை. அம்மா இல்லை. அதனால் பிள்ளைப்பேறு முடிந்ததும் என் மனைவி ஒரு மாதம் லீவு எடுத்து, அந்தப் பக்கம் போய் நின்று, பத்தியம் சமைத்துப் போடுவது என்று ஏற்பாடு. பிள்ளைப் பெற்றவளை முப்பத்தொரு நாள் வீட்டுக்குள் வைத்து, மிளகும் மல்லியுமாகச் சரக்கு அரைத்த கறியும் சுறாவும் கொடுத்து, உடம்பைத் தேற்றியெடுப்பது எங்கள் வழக்கம். மனைவி தன் இரண்டு பிள்ளைகளுக்கும் அப்படித்தான் இருந்தாள். லீவுக்கு இல்லத்து நிர்வாகத்திடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தாள்.

எல்லை மூடிய மூன்றாம் நாள் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. சத்திர சிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். மச்சானை, அதாவது தங்கையின் கணவரை, ஆஸ்பத்திரி வாசலுக்கு உள்ளே விடவில்லை. நோய்க் காலத்துச் சட்டம் அப்படி. அவர் வாகனத் தரிப்பிடத்தில் நின்று தொலைபேசியில் பிள்ளையின் அழுகையைக் கேட்டார். நான் ஜெனீவாவில் இருந்து, அவருடைய தொலைபேசிக்குள்ளால் அதைக் கேட்டேன். மனைவியின் லீவு இரத்தாகிவிட்டது. முதியோர் இல்லத்தில் ஆள் காணாது, இருப்பவர்களை வைத்துச் சமாளிக்க முடியவில்லை.

தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் மச்சான் தொலைபேசி எடுத்தார்.

"மச்சான், இவள் சாப்பிடுறாள் இல்லை."

"என்ன குடுத்தனீர்?"

"பாண், சூப். முட்டை அவிச்சுக் குடுத்தன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். பிள்ளையைக் கொண்டுபோய் மடியிலை வைச்சால் பால் குடுக்கிறாள், ஆனால் முகத்தைப் பாக்கிறாள் இல்லை. தானா ஒருக்காலும் தூக்கேல்லை. பாலும் காணாது எண்டு மருத்துவிச்சி சொல்லுறா." குரலைத் தணித்து, "தனிய விட வேண்டாமாம்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு நன்றாக விளங்கியது. காணொளியில் அவளைக் கூப்பிட்டேன். முதுகு மட்டும் தெரிந்தது. "தங்கச்சி, அண்ணா கதைக்கிறன்" என்றேன். முதுகு அசையவில்லை. என் தங்கை வாய் ஓயாதவள். நான் போட்ட சட்டையையும், வெட்டிய தலைமயிரையும், வைத்த குழம்பையும் குறை சொல்லாமல் ஒரு ஞாயிறும் போனதில்லை. அந்த முதுகை அதற்கு மேல் பார்க்க முடியாமல் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

மனைவி வேலையால் வந்து குளித்து, மேசையின் அந்தத் தலைப்பில் இருந்து கேட்டாள். "இது பிடிவாதம் இல்லை. வருத்தம்," என்றாள். "டொக்டரோடை கதைக்கச் சொல்லுங்கோ. அது முதல். இரண்டாவது, நீங்கள் சமைச்சுக் கொண்டுபோய்க் குடுங்கோ. என்ரை கையாலை நான் தொடமாட்டன். வேலையிடத்திலை இருக்கிற நிலைமையிலை ஏதும் காவிக்கொண்டு வந்தனோ தெரியாது."

மச்சானுக்கு முட்டை அவிப்பதற்கு மேல் தெரியாது. அவர்கள் பக்கத்தில் வீட்டிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் போகவும் கூடாது. தமிழ்க் கடை அதற்கு அப்பால் இருந்தது. ஓடை மட்டும் அந்த ஒரு கிலோமீற்றருக்குள் இருந்தது.

சமைக்கிறேன் என்று சொல்லிவிட்டேனே தவிர, எனக்குப் பத்தியம் சமைக்கத் தெரியாது. இருபத்தேழு வருடம் அடுப்படியில் நின்றவன், பதினொரு விதமான சோஸ் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன், ஆனால் எங்கள் வீடுகளில் பிள்ளைப் பெற்றவளின் அடுப்புக்குக் கிட்ட ஆண்பிள்ளை போனதில்லை. மனைவியும் யாரையாவது கேட்டுத்தான் சமைப்பதாக இருந்தாள். அவளுக்குச் சாப்பிட்ட ஞாபகம் இருக்கிறது, சமைத்த ஞாபகம் இல்லை. ஆகவே தொலைபேசியை எடுத்தேன். நாலு பெண்களைக் கேட்டேன். நாலு பேரும் நாலு சரக்குச் சொன்னார்கள். ஒருவர் திப்பிலி இல்லாவிட்டால் அது பத்தியமே இல்லை என்றார். இன்னொருவர் திப்பிலி போட்டால் பிள்ளைக்கு வயிற்றாலே போகும் என்றார். கடைசியில் எங்கள் கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிற அக்காவைப் பிடித்தேன். கோயிலும் மூடியிருந்ததால் அவருக்கும் கதைக்க நேரம் இருந்தது.

"தம்பி, நீர் பெரிய சமையல்காரன் எண்டு எனக்குத் தெரியும்," என்றார். "அதை ஒரு பக்கத்திலை வைச்சிட்டுக் கேளும். மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, அதுதான் சுக்கு. மெதுவா வறுக்க வேணும். அடுப்பை விட்டு அரக்கப்படாது. உள்ளிப்பூடு கைக்கு வந்தபடி போடும். செத்தல் மிளகாய் கண்ணிலையும் காட்டப்படாது. வெண்ணெயை அங்காலை வையும்."

வெண்ணெய் என்னிடம் மூன்று கிலோ இருந்தது அவருக்கு எப்படித் தெரிந்ததோ!

தமிழ்க் கடையில் இரண்டு மீற்றர் இடைவெளியில் ஒட்டியிருந்த சிவப்புக் கோடுகளில் நின்று, உறைந்த பால்சுறாவும் முருங்கையிலையும் வாங்கி வந்தேன். சரக்கை வறுக்கத் தொடங்கியதும் வாசம் கதவுக்குக் கீழால் மாடிப்படிகளுக்குப் போய்விட்டது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் மாடியில் எதிர்வீட்டில் தனியாக இருக்கிற ஒரு மதாம், எங்கள் சமையல் மணத்தைப் பற்றி வீட்டு நிர்வாகக் கந்தோருக்குப் பதினொரு வருடமாகக் கடிதம் எழுதி வருகிறவர். நினைத்தபடியே அழைப்பு மணி அடித்தது. திறந்தேன். அவர் நடைக்கூடத்தின் அந்தத் தொங்கலில், தன் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"முசியே, என்ன சமைக்கிறீர்கள்?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"எனக்கு மணக்கிறது," என்றார். கண் கலங்கியிருந்தது. "இரண்டு நாளாகத் தலையிடி. வந்துவிட்டதோ என்று இருந்தேன். வந்தால் மணம் தெரியாதாம். காலையில் கோப்பியை முகர்ந்து பார்த்தேன், சந்தேகமாக இருந்தது. இது நன்றாக மணக்கிறது!"

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். நான் அகப்பையோடு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அவர் என் சமையலைப் பற்றி நல்லதாக ஒரு சொல் சொன்னார்.

கறியும் சுறாவை உதிர்த்து வறுத்த வறையும் குழைந்த சோறும் தயாரானதும் பாத்திரங்களில் போட்டு, துணியால் சுற்றி, பையில் வைத்தேன். அப்போதுதான் மனைவி அறைக்குள் இருந்து குரல் கொடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, இரும்பு வைச்சனீங்களோ?"

மீனும் இறைச்சிக் கறியும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகும்போது கூடவே ஒரு இரும்புத் துண்டோ கரித்துண்டோ வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். இல்லாவிட்டால் மணத்துக்குப் பேய் பின்னால் வரும். பச்சை உடம்புக்காரிக்கு என்றால் கேட்கவே வேண்டாம்.

"பேய்க்கும் எல்லை பூட்டுத்தானே," என்றேன் நான்.

"பகிடியை விடுங்கோ. அவள் இருக்கிற இருப்பிலை வெறுமனே கொண்டுபோகக் கூடாது. ஒரு ஆணியாவது வையுங்கோ."

எங்கள் வீட்டில் ஆணி கிடையாது. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று வீட்டு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. கரியும் கிடையாது. "உங்கடை கத்தி இருக்குத்தானே" என்றாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று நாலு பேருக்கு முன்னால் மார்தட்டுகிறவன் நான். ஆனாலும் அந்த முதுகு கண்ணுக்குள் நின்றது. வேலைக்கு எடுத்துப் போகிற என் சின்னக் கத்தியை, தினமும் தீட்டுகிற கத்தியை, துணியில் சுற்றிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் செருகினேன்.

அந்த நாட்களில் ட்ராமில் ஏற மனம் வரவில்லை. ஒரு மணித்தியாலம் நடந்தேன். பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அதை எனக்கு அடையாளமே தெரியவில்லை. குறுக்காகப் பெரிய கொங்கிறீற் கற்கள். சிவப்பும் வெள்ளையுமாக நாடா. ஒரு எல்லைக் காவலர், நாற்பது நாற்பத்தைந்து வயதுப் பெண், அவருக்குப் பக்கத்தில் துவக்கோடு ஒரு சிப்பாய். நாடாவுக்கு இந்தப் பக்கம் ஒரு கிழவர் மடக்குக் கதிரை போட்டு இருந்தார், அந்தப் பக்கம் ஒரு கிழவி இன்னொரு கதிரையில். இருவரும் அவரவர் போத்தலில் கோப்பி குடித்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். மனிதர்கள் இப்படியும் இருப்பார்களா என்று இருந்தது.

கல்லுக்கு அந்தப் பக்கம் மச்சான் நின்றார். தாடி வளர்ந்து, ஆள் பாதியாகிவிட்டார்.

"பொருட்கள் ஒன்றும் இதால் போக முடியாது," என்றார் காவலர். "பையில் என்ன?"

"சாப்பாடு. என் தங்கைக்கு. பிள்ளை பிறந்து எட்டு நாள்."

திறக்கச் சொன்னார். திறந்தேன். துணிச்சுருளை விரித்தார். கத்தி வெயிலில் மின்னியது. சிப்பாய் ஒரு அடி முன்னால் வந்தான்.

"முசியே, இது எதற்கு?"

என் பிரெஞ்சு மோசமில்லை. வெண்ணெய் சோஸ் ஏன் திரைகிறது என்று அரை மணித்தியாலம் விளக்குவேன். ஆனால் கறிக்குள் வைக்கிற இரும்பைப் பற்றி இருபத்தேழு வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பாதுகாப்புக்கு."

"யாரிடமிருந்து?"

"பின்னால் வருகிறவர்களிடமிருந்து."

சிப்பாய் எனக்குப் பின்னால் வீதியை எட்டிப் பார்த்தான். கல்லுக்கு அந்தப் பக்கம் மச்சான் தலையில் கை வைத்தார். இனி மறைத்து வேலையில்லை என்று எனக்கு விளங்கியது. எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் வழக்கம், கறி மணம், பேய், வீட்டில் ஆணி இல்லாதது, மனைவி, தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பது, தனியே விட வேண்டாம் என்று மருத்துவிச்சி சொன்னது. ஐந்து எல்லைகளில் எத்தனை பொய் சொல்லியிருப்பேன். உண்மையைச் சொன்ன முதல் எல்லை இதுதான்.

காவலர் கத்தியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டுப் பாத்திரத்தைக் காட்டினார். பிறகு கேட்டார். "இது சாப்பாடா, மருந்தா?"

"பிள்ளைப் பெற்றவர்களுக்கு மட்டும் கொடுப்பது. பால் சுரக்க, புண் ஆற. சரக்கு என்று சொல்லுவோம்."

"அப்படியென்றால் மருந்து."

"ஓம், மருந்துதான்."

அவர் சற்றுத் தள்ளிப் போய்த் தொலைபேசியில் யாருடனோ கதைத்தார். திரும்பி வந்து, "தாய்க்கு மருந்து போகலாம். கத்தி போகாது. திரும்பும்போது வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்.

பையைக் கல்லின் மேல் வைத்துவிட்டு இரண்டு மீற்றர் பின்னால் வரவேண்டும், பிறகு அந்தப் பக்கத்தவர் வந்து எடுக்கவேண்டும் என்பது முறை. கல்லைத் தூக்குவதற்காக அதன் தலையில் மொத்தமான இரும்பு வளையம் ஒன்று பதித்திருந்தார்கள். நான் பையின் பிடியை அந்த வளையத்தில் கொளுவிவிட்டுப் பின்னால் வந்தேன். காவலர் அதைக் கவனித்தார். அவருடைய வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி முதலில் கேட்டது இரும்பைப் பற்றித்தான். வளையத்தைச் சொன்னேன். யோசித்தாள்.

"கல்லுக்குள்ளையும் கம்பி போட்டிருப்பாங்களோ?"

"ஓம், நிறையப் போட்டிருப்பாங்கள்."

"அப்ப அதுவே காணும்," என்றாள்.

அன்று தங்கை இரண்டு வாய் சாப்பிட்டாளாம். மறுநாளும் இரண்டு வாய். மூன்றாம் நாள் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. எனக்கு வந்த கோபத்தில் மச்சானோடு தொலைபேசியில் சண்டை பிடித்தேன். "சூடாக்கிக் குடுத்தனீரோ? ஊட்டிப் பாத்தனீரோ?" என்று சமையலறையில் பொடியன்களைப் பார்த்துக் கத்துகிற மாதிரிக் கத்தினேன். அவர் அழுதார். பிறகு நான் வெட்கப்பட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவளை இழந்துவிடுவேன் என்று அன்றைக்குத்தான் எனக்கு நானே முதன்முறையாகச் சொன்னேன். ஒரு மணித்தியால நடைத் தூரத்தில் அவள் கிடக்கிறாள், நான் இங்கே உள்ளி உரித்துக்கொண்டு இருக்கிறேன்.

ஆனாலும் உரித்தேன். ஒவ்வொரு நாளும் வறுத்தேன், அரைத்தேன், துணியில் தைத்த முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு நடந்தேன். அந்த மதாம் காலையில் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு மணத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கினார். அவருக்கும் ஒரு கிண்ணத்தில் வைத்து வாசலில் விட்டேன். எல்லையில் அந்தக் காவலர் நின்றால், "இன்றைக்கு என்ன இரும்பு?" என்று கேட்பார். நான் சில்வர் கரண்டியைக் காட்டுவேன். அவர் அதை மிகவும் பொறுப்போடு பரிசோதித்து, போகலாம் என்று தலையாட்டுவார். அவர் இல்லாத நாட்களில் மற்றக் காவலர்களுக்கும் விஷயம் சொல்லி வைத்திருந்தார். மரங்கள் துளிர்த்தன. ஓடைத் தண்ணீர் சத்தமாக ஓடியது, அல்லது சத்தமாக ஓடுவது அப்போதுதான் என் காதில் விழுந்தது. வானத்தில் விமானம் இல்லை. அந்தப் பக்கத்துக் குருவி இந்தப் பக்கம் வந்து பூச்சி பிடித்துக்கொண்டு திரும்பிப் போவதை நின்று பார்ப்பேன். ஊரெல்லாம் சாவுக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் உலகம் இப்படி அழகாக இருந்ததை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

டொக்டர் தங்கையோடு தொலைபேசியில் கதைத்து மாத்திரை எழுதியிருந்தார். இரண்டு நாளுக்கு ஒருமுறை மருத்துவிச்சி தொலைபேசி எடுத்தார். மெல்ல மெல்லப் பாத்திரம் பாதியாகி வந்தது, பிறகு காலியாகி வந்தது. ஆனால் மச்சான் சாப்பிட்டு முடிக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். கேட்கவும் பயம். அவள் என்னோடு ஒரு சொல்லும் பேசவில்லை.

பிள்ளைக்குப் பத்தொன்பதாம் நாள். நான் பையை வளையத்தில் கொளுவிவிட்டுப் பின்னால் வந்து நிமிர்ந்தேன். அந்தப் பக்கம் மச்சான் பிள்ளை வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கத்தில் தங்கை நடந்து வந்தாள். மச்சானின் குளிர்ச் சட்டையைப் போட்டு, தலையைச் சால்வையால் மூடியிருந்தாள். ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தாள். முப்பத்தொரு நாளைக்கு முதல் படியிறங்கக் கூடாது என்று நாலு பெண்களும் ஒரே குரலில் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. ஏச வாய் திறந்தேன். அதற்குள் அவள் கிட்ட வந்துவிட்டாள்.

அவள் கல்லுக்கு இரண்டு மீற்றர் தள்ளி நின்றாள். முகம் வீங்கி, கண் உள்ளே போய் இருந்தது. என்னைக் கனநேரம் பார்த்தாள்.

"அண்ணா," என்றாள்.

"சொல்லு."

"கறிக்கு உப்புக் காணாது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "பத்தியக்கறிக்கு அவ்வளவுதான் உப்பு" என்று சொல்லப் பார்த்தேன்.

"பதினொரு நாளாச் சொல்ல வேணும் எண்டு இருந்தனான்," என்றாள். "இவரிட்டைச் சொல்லிவிட்டால் நீங்கள் கோவிச்சு, நாளைக்குச் சாப்பாடு வராதெண்டு பேசாமல் இருந்தன். சுறாவுக்கும் காணாது."

அந்த நேரம் வண்டிலுக்குள் பிள்ளை சிணுங்கி, பிறகு வீரிட்டு அழத் தொடங்கியது. நான் நேரில் கேட்ட முதல் அழுகை. மச்சான் வழக்கம்போல அவசரமாகக் குனிந்தார்.

"விடுங்கோ," என்றாள் தங்கை. "நான் தூக்கிறன்."

மச்சான் குனிந்தபடியே நின்றுவிட்டார். அவள் ஒரு கையால் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு வண்டிலுக்குள் கையை விட்டாள். இரண்டாம் தரம்தான் பிள்ளை கையில் வந்தது. அதன் முகத்தைப் பார்த்தாள். துணியை விலக்கி, இன்னும் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். "என்னடி, பசியோ?" என்று கேட்டாள். பிறகு வீதியோரத்துக் கல்லொன்றில் மெல்ல இருந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி, சால்வையை இழுத்துவிட்டாள்.

தங்கை பால் கொடுக்கும்போது அண்ணன் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. நான் சுவிஸ் பக்கம் திரும்பினேன். காவலர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் தானும் திரும்பினார். சிப்பாயும் திரும்பினான். மூன்று பேரும் எல்லைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெறும் வீதியைப் பார்த்தபடி நின்றோம்.

பிள்ளை இன்னும் கொஞ்ச நேரம் கத்தியது. பிறகு அழுகை நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணீர் முகக்கவசத்துக்குள் இறங்கி வாயில் கரித்தது, துடைக்காமல் அப்படியே நின்றேன்.